தேய்மானம் என்று ஒரு சாக்கு

ஒரு சொல்லோடு சண்டை போடப் போகிறேன். சொல்லின் பெயர் தேய்மானம்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் அத்தை மகன் மாதிரி. ப்ளஸ் ஒன்னில் பழக்கமானது, இன்னும் விட்டபாடில்லை. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, 'எடுத்து எழுது' என்று முடித்துவிடுவோம். ஒரு சொத்து ஏன் தேய்கிறது, யார் தேய்த்தார்கள், தேயாமல் இருந்திருக்க முடியுமா என்று எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள். பத்து சதவீதம், பதினைந்து சதவீதம், போடு கணக்கை!

பரீட்சைத் தாளில் இது சரி. ஆனால் இதே சொல்லை மெக்கானிக் பட்டறையில், சர்வீஸ் சென்டரில், இன்சூரன்ஸ் ஆபீஸில் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குறிப்பாக ஒரு உருப்படி விஷயத்தில். கார் சக்கரத்துக்குள் இருக்கும் வீல் பேரிங்.

"காமர்ஸ் படிக்கிற பயலுக்கு பேரிங்கைப் பற்றி என்ன தெரியும்?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கொதிப்பது கேட்கிறது. சாமிகளா, அந்த பில்லைக் கட்டுவது எங்கள் வீடுதான். கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு :-)

நான் சொல்ல வருவது இதுதான். வீல் பேரிங் பெரும்பாலும் தானாகத் தேய்ந்து சாவதில்லை. கொல்லப்படுகிறது. கொன்றவர்கள் எல்லோரும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

முதலில் சாமான் என்னவென்று பார்த்துவிடுவோம்.

பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்கைக் கட்டையில் மாட்டி வண்டி செய்து தெருவில் ஓட்டிய தலைமுறை ஒன்று நம் ஊரில் உண்டு. அந்த பேரிங் வண்டியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க ஒரு கூடு. அதைக் கேஜ் என்பார்கள். உள்ளே கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் தண்ணீரும் மண்ணும் உள்ளே வராமலும் இருக்க இரண்டு பக்கமும் சீல். இன்றைய கார்களில் பெரும்பாலும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங். லாரி, பேருந்து, பழைய கார்கள் பலவற்றில் குண்டுக்குப் பதில் கூம்பு மாதிரியான உருளைகள்.

இந்தச் சின்ன சாமான் செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண 14 இஞ்ச் சக்கரம் போட்ட காரை எடுத்துக்கொள்வோம். டயரோடு சேர்த்து ஒரு சுற்று உருண்டால் ஏறக்குறைய 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 510 சுற்றுக்கு மேல். ஒரு லட்சம் கி.மீ. என்றால் 5 கோடிச் சுற்று! ஐந்து பேர் ஏறிய சின்னக் காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 300 கிலோவாவது இருக்கும். அந்த எடை குண்டும் வளையமும் தொடுகிற கடுகளவு இடத்தில்தான் உட்காருகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு அழுத்தம் வேறு.

இவ்வளவு அழுத்தத்திலும் இரும்பும் இரும்பும் ஏன் தேய்ந்து ஒழியவில்லை? காரணம் கிரீஸில் இருக்கும் எண்ணெய். உருளும் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே அது ஒரு படலமாக நிற்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. அந்தப் படலம் இருக்கிறவரை இரும்பை இரும்பு தொடுவது அபூர்வம். அதுவும் உரசல் இல்லை, உருளல். செருப்பு தேய்வது போல, பிரேக் லைனிங் தேய்வது போல பேரிங் தேய்வதில்லை. பிரேக் லைனிங் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. பேரிங் தேயாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவது அநியாயம் இல்லையா?

அப்படியானால் பேரிங்குக்குச் சாவே கிடையாதா? உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒருநாள் உலோகம் களைத்துப்போகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிகிறதே, அதே கதை. கோடிக்கணக்கான தடவை குண்டு ஏறி இறங்கும்போது வளையத்தின் மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. அது மேலே வந்து ஒரு செதில் பெயர்கிறது. பெயர்ந்த குழியில் அடுத்த குண்டு விழுந்து எழும்போது இன்னொரு செதில். அப்புறம் 'ஊஊஊம்' என்ற சத்தம். அப்புறம் ஆட்டம். இதுதான் இயற்கை மரணம்.

இந்த இயற்கை மரணம் எப்போது வரும் என்பதற்குச் சூத்திரமே இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரன் என்ற இருவர் 1947-ல் வெளியிட்ட கோட்பாடு. இன்றைக்கும் உலகம் முழுக்க பேரிங் ஆயுள் கணக்கின் அடித்தளம் அதுதான். அதில் நம்மைப் போன்ற புள்ளியியல் பேப்பர் எழுதுகிறவர்களுக்கு ருசியான விஷயம் இரண்டு.

ஒன்று. பேரிங்கின் 'ஆயுள்' என்று கம்பெனி சொல்வது சராசரி ஆயுள் இல்லை. ஒரே மாதிரியான 100 பேரிங்கை ஒரே மாதிரி ஓட்டினால் 90 பேரிங் தாண்டிப் போகும் எல்லைதான் அது. அதற்கு எல்10 என்று பெயர். பாதி பேரிங்குகள் சாகிற எல்லையைப் பார்த்தால் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு தள்ளி இருக்கும். புரிகிறதா? 'ஒரு லட்சம் கி.மீ. ஓடிடுச்சுல்ல, போக வேண்டியதுதான்' என்று சொல்வது, பத்தில் ஒருவர் போகக்கூடிய வயதை எல்லோருக்கும் சாகும் வயதாக எழுதி வைப்பது மாதிரி.

இரண்டு. பாரம் கூடினால் ஆயுள் நேர்விகிதத்தில் குறையாது. குண்டு பேரிங்கில் பாரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். பாரம் இரட்டிப்பானால் ஆயுள் பாதி ஆகாது, எட்டில் ஒன்று ஆகும். வெறும் 20 சதவீதம் கூடினாலே ஆயுளில் 40 சதவீதத்துக்கு மேல் காலி. நேர்க்கோட்டு முறையும் இல்லை, குறைந்து செல் மதிப்பு முறையும் இல்லை. நம் பாடப் புத்தகத்தில் இல்லாத மூன்றாவது முறை!

ஆனால் இந்தச் சூத்திரமெல்லாம் ஒழுங்காகப் பொருத்தி, சுத்தமான கிரீஸோடு ஓடுகிற பேரிங்குக்குத்தான். நம் ஊரில் அந்தக் கொடுப்பினை எத்தனை பேரிங்குக்கு? வரிசையாகக் குற்றவாளிகளைக் கூப்பிடுகிறேன்.

முதல் குற்றவாளி, தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னை மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மிதந்தது. இந்தப் பெருவெள்ளங்களை விடுங்கள். ஒரு மணி நேரம் மழை அடித்தால் சுரங்கப்பாதையில் சக்கரம் முழுகுகிற ஊர்கள் நம்முடையவை. ஓடிவந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். அது திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சீல் கொஞ்சம் பழையதாக இருந்தால் போதும். உள்ளே போன தண்ணீர் கிரீஸை மோர் மாதிரி ஆக்கிவிடும். எண்ணெய்ப் படலம் அறும். வளையத்தில் துருப் புள்ளி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம், சில மாதம் கழித்து, வெயில் காலத்தில், மழையையே மறந்த பிறகு சத்தம் வரும். அப்போது பில்லில் என்ன எழுதுவார்கள்? ஆமாம், அதேதான்.

இரண்டாவது குற்றவாளி, ரோடு. பள்ளத்தில் தடாரென்று விழும்போது குண்டு வளையத்தை ஒரு குத்து குத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் விழுகிறது. ஊர் ரோட்டில் இருக்கும் பள்ளத்துக்கு பேரிங்குக்குள் ஒரு நகல். வேகத்தடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்திய சாலைப் பேராயம் 1988-லேயே அளவு கொடுத்துவிட்டது. 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்லிய வளைவு. உங்கள் தெருவில் இருப்பதை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு முழம் அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பி, வெள்ளைக் கோடுகூடப் போடாமல் விட்டிருப்பார்கள். அதைக் கட்டியவர் உங்கள் பேரிங் பில்லில் ஒரு பைசாகூடப் பங்கு தரமாட்டார்.

மூன்றாவது குற்றவாளி, நம் பசங்களின் அலங்கார மோகம். கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அகலமான அலாய் வீல், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த ஸ்பேசர். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால் பாரம் பேரிங்கின் நடுவில் உட்காராமல் வெளியே தள்ளி உட்காரும். கடப்பாரையால் நெம்புகிற கணக்கு. மூன்றாம் அடுக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? அழகுக்கு ஐம்பதாயிரம், அந்த அழகால் சாகிற பேரிங்குக்கு 'தேய்மானம்'.

நான்காவது குற்றவாளி, போலி. பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர், உள்ளே யாரோ செய்த சரக்கு. பேரிங்குக்கான எஃகில் ஏறக்குறைய ஒரு சதவீதம் கார்பன், ஒன்றரை சதவீதம் குரோமியம் என்று கணக்கு இருக்கிறது. அதைச் சுத்தமாக உருக்கி, சூடேற்றிக் கடினமாக்கி, மைக்ரான் கணக்கில் தேய்த்து எடுக்க வேண்டும். இதில் எதை விட்டாலும் கையில் வாங்கிச் சுற்றிப் பார்க்கும்போது தெரியாது. ரோட்டில் தெரியும்.

ஐந்தாவது குற்றவாளிதான் என்னை இதை எழுத வைத்தது. சுத்தியல்.

என் சித்தப்பா சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டுகிறார். ஒரு மழைக்குப் பிறகு முன்பக்க இடது சக்கரத்தில் சத்தம் வந்தது. வழக்கமான பட்டறையில் பேரிங் மாற்றினார். ஐந்து மாதத்தில் மறுபடி சத்தம். மறுபடி மாற்றினார். மறுபடி சத்தம். 14 மாதத்தில் அதே சக்கரத்துக்கு மூன்று பேரிங்! ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரர் சொன்ன பதில் ஒன்றுதான். "டாக்ஸி ஓட்டுறீங்கண்ணே, தேயத்தானே செய்யும்."

நான்காவது தடவை ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெரியவர் பழைய பேரிங்கின் வெளி வளையத்தை அறுத்துப் பிரித்துக் காட்டினார். உள்பாதையில் சீரான இடைவெளியில் பள்ளம் பள்ளமாகத் தழும்பு. குண்டுக்கும் குண்டுக்கும் என்ன இடைவெளியோ அதே இடைவெளி. "இது ரோட்டுல விழுந்த அடி இல்ல தம்பி. ரோட்டு அடின்னா பாரம் விழுற ஒரு பக்கத்துல மட்டும் இருக்கும். இது சுத்தி முழுக்க, ஒரே ஓரத்துல இருக்கு பாரு. மாட்டும்போதே வாங்குன அடி" என்றார்.

விஷயம் இதுதான். பேரிங்கை வீட்டுக்குள், அதாவது நக்கிள் என்கிற அந்த வார்ப்புக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், அல்லது சுத்தியலால் கண்டபடி அடித்தால், அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய் பாதையில் தழும்பாகிறது. பெட்டியைப் பிரித்த அடுத்த பத்தாவது நிமிடத்தில் புது பேரிங் நோயாளி ஆகிவிடுகிறது. கிலோமீட்டர் மீட்டரில் இன்னும் பூஜ்யம்தான் ஓடியிருக்கிறது!

காமர்ஸ் மூளையை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். சித்தப்பாவின் கணக்கு இது. மட்டமான பேரிங் 900, கூலி 600, ஆக 1,500. மூன்று தடவைக்கு 4,500. வண்டி நின்ற நாள் மூன்று, நாளுக்குக் கையில் நிற்கும் வருமானம் 1,200 என்று வைத்தால் 3,600. மொத்தம் 8,100. கடைசியில் ஒழுங்காகச் செய்தது: நல்ல பேரிங் 2,200, பிரஸ் வேலையோடு கூலி 1,000, ஒரு நாள் வருமானம் 1,200. மொத்தம் 4,400. இதை முதலிலேயே செய்திருந்தால் 8,100 மிச்சம். அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது, அந்தச் சக்கரம் முனகவில்லை. டாக்ஸி அதே டாக்ஸி, ரோடு அதே ரோடு, ஓட்டுகிறவரும் அதே சித்தப்பா. அப்படியானால் முதல் மூன்றும் 'தேய்ந்தது' எப்படி?

"20 வருஷமா சுத்தியல்லதான் அடிக்கிறேன், ஒன்னும் ஆனதில்ல" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனது வண்டிக்காரருக்கு. தழும்பு பட்ட பேரிங் அன்றே சத்தம் போடாது. நான்கு மாதம் கழித்து, வேறு ஊரில், வேறு பட்டறையில் போகும். அடித்தவர் தன் அடியின் விளைவைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத விளைவிலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது. 'தேய்மானம்' என்ற சொல் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். காசு போவதைக்கூட விடுங்கள், கற்றுக்கொள்வதை அது நிறுத்திவிடுகிறது.

சரியாகக் கேள்வி கேட்ட ஒருவரின் கதை சொல்கிறேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு ஜவுளி ஆலை. அங்கே பேரிங்குகள் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தன. ஆலை இருந்தது களிமண் நிலம். கட்டடம் மெல்ல அசைந்து, நீளமான தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகி, அதனால் பேரிங் உடைகிறது. ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இளம் பொறியாளர் 'தேய்மானம்' என்று எழுதிவிட்டுப் புதிது வாங்கவில்லை. தண்டு சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை 1907-ல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு பிறந்த கம்பெனிதான் எஸ்கேஎஃப். ஏன் என்ற ஒரு கேள்வியிலிருந்து உலகத்தின் மிகப் பெரிய பேரிங் கம்பெனிகளில் ஒன்று!

கேள்வியை அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. பேரிங் கதை இல்லை, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹப்பின் கதை. 2002 ஜனவரி 10. ஜப்பானின் யோக்கோஹாமா. ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி டிரெய்லர் லாரியின் முன் ஹப் உடைந்து சக்கரம் கழன்று உருண்டது. நடைபாதையில் இரண்டு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாய் மேல் மோதியது. அவர் இறந்துபோனார், பிள்ளைகளுக்குக் காயம். கம்பெனி சொன்ன பதில் என்ன தெரியுமா? வண்டிக்காரர் சரியாகப் பராமரிக்கவில்லை, அதனால் ஹப் தேய்ந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதையே சொன்னார்கள். 2004 மார்ச்சில்தான் வடிவமைப்பிலேயே கோளாறு என்று ஒப்புக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைத் திரும்ப அழைத்தார்கள். முன்னாள் அதிகாரிகள் கைதாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் தண்டனை உறுதியானது. அந்த இரண்டு ஆண்டு நின்றது எந்தச் சொல்லின் மேல்? தேய்மானத்தின் மேல்தான்.

நம் ஊருக்கு வருவோம். மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியை யாராவது முழுக்கப் படித்திருக்கிறீர்களா? நான் படித்தேன் (வேலை இல்லாத பொழுது, வேறென்ன). சொந்த வண்டிச் சேதப் பிரிவில் விலக்குகள் என்று ஒரு பகுதி வரும். அதில் தேய்மானம், இயந்திரக் கோளாறு இரண்டும் இருக்கும். அதாவது 'பேரிங் தேய்ந்துவிட்டது' என்று ஒருவர் எழுதிவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. வெள்ளத்தில் முழுகியதால் போனதா, பள்ளத்தில் விழுந்ததால் போனதா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த ஒரு சொல்லை எழுதுகிறவர் யார்? அதை எழுத ஏதாவது ஆதாரம் காட்டுகிறாரா? கிடையாது.

சட்டமும் இப்படித்தான். வாடகை வண்டிக்கு எஃப்.சி. என்று ஒன்றாவது இருக்கிறது. சொந்தக் காருக்கு? பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு. அதுவரை சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் உங்களைக் கூப்பிடாது. பிரிட்டனின் பெரும்பகுதியில் 3 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் எம்ஓடி சோதனை. வீல் பேரிங்கின் ஆட்டமும் இரைச்சலும் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் புகைச் சான்றிதழ் மட்டும் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறோம்.

இப்போது மெக்கானிக் அண்ணன்கள் சார்பில் நானே வாதாடுகிறேன். பிரஸ் வாங்கக் காசு வேண்டும். டார்க் ரெஞ்ச் வாங்கக் காசு வேண்டும். காரில் வந்து இறங்குகிற ஆள் 200 ரூபாய் கூலிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறார். 'ஒரு மணி நேரத்துல வண்டி வேணும்' என்கிறார். பிரஸ்ஸுக்கு எடுத்துப்போய் வர நேரம் எங்கே? நியாயமான வாதம். அதனால்தான் குற்றவாளிக் கூண்டில் நம்மையும் ஏற்றுகிறேன். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆடியோ சிஸ்டம் போட்டு, சக்கரத்தின் சத்தம் கேட்காத அளவுக்குப் பாட்டு வைத்துக்கொண்டு போகிற சமூகம் நாம்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. 'ஒன்னு போனா நாலும் மாத்தணும் சார்' என்பது. தேவையில்லை. போனதை மாற்றினால் போதும், மற்றதைச் சோதித்துப் பார்க்கலாம். 'ஹப்போட சேர்த்துத்தான் வரும்' என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம், பல புதிய வண்டிகளில் பேரிங்கும் ஹப்பும் ஒரே உருப்படி. உங்கள் வண்டிக்கு எது என்று பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

திட்டிவிட்டு மட்டும் போனால் எப்படி? நாம் செய்யக்கூடியது:

சத்தத்தைக் கேளுங்கள். பேரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். க்ளட்சை மிதித்து இன்ஜின் வேகத்தைக் குறைத்தாலும் போகாது. ரோட்டின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைச் சந்தேகப்படுங்கள். வலது பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது.

சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். சமதளத்தில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, கடிகாரத்தின் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங்காகவோ பால் ஜாயின்டாகவோ இருக்கலாம். 3-லும் 9-லும் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் ராடு பக்கம் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் கை வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிரஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆக்ஸில் நட்டைக் கம்பெனி சொன்ன டார்க்குக்கு முறுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பேரிங்கின் இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுதான். அதை முறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினாலே புது பேரிங் கெட்டுவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் சென்சார் சக்கரத்தின் வேகத்தைப் படிக்க முடியாமல் விளக்கு எரியும். ஒரு முறை கழற்றிய பேரிங்கை மறுபடி மாட்ட விடாதீர்கள், கழற்றும்போதே அடி வாங்கியிருக்கும்.

சக்கரம் முழுகும் தண்ணீரில் போய் வந்தால் அடுத்த சில வாரம் காதைத் தீட்டி வைத்திருங்கள். சத்தத்தோடு 'இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்' என்று ஓட்டாதீர்கள். முற்றிய பேரிங் சூடேறி இறுகும், தண்டையே அறுக்கும். சக்கரம் கழன்று ஓடினால் அது யார் பிள்ளையை நோக்கி ஓடும் என்று சொல்ல முடியாது. யோக்கோஹாமா நடைபாதையில் போனவர் அந்த லாரியின் சொந்தக்காரர் இல்லை.

கடைசியாக ஒன்று, என் பார்வையில் இதுதான் முக்கியம். பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். துருவா, தழும்பா, செதிலா, கருகலா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்லும். அந்தக் காரணத்தை பில்லில் எழுதச் சொல்லுங்கள். 'தண்ணீர் புகுந்தது' என்று எழுதட்டும். 'பொருத்தியதில் பிழை' என்று எழுதட்டும். உண்மையிலேயே மூன்று லட்சம் கி.மீ. ஓடிக் களைத்துச் செதில் பெயர்ந்ததா, அப்போது 'தேய்மானம்' என்று தாராளமாக எழுதட்டும். அந்த பேரிங்குக்கு ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறேன்.

மற்றபடி, காரணம் எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

டிஸ்கி: தேய்மானக் கணக்கை இவ்வளவு திட்டிவிட்டு, வருகிற செமஸ்டரில் அதே கணக்கைப் பதினைந்து மதிப்பெண்ணுக்குப் போடப் போகிறவனும் நான்தான். பரீட்சைத் தாளில் பேரிங் வராது, பயப்படாதீர்கள் :-)